கட்டுமானத் தளத்தில் ஃபோர்க்லிஃப்ட்: ஆட்களுக்குக் காயமின்றி இயக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

ஃபோர்க்லிஃப்ட் என்பது முன்புறமுள்ள இரண்டு இரும்புக் கரங்களால் (ஃபோர்க்) சுமையைத் தூக்கிச் செல்லும் வண்டி. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் நேராக இருக்கையில் ஏறி நெம்புகோலில் கை வைத்துவிடுகிறார்கள். கட்டுமானத் தளத்தில் ஓட்டுவது கடைசியில் வரும் வேலை. தரை, பாதை, ஆட்கள், வண்டி, சுமை ஆகிய ஐந்தும் இந்த வரிசையிலேயே தீர்மானிக்கப்பட்ட பிறகுதான் எஞ்சினை இயக்க வேண்டும். வரிசை மாறினால் முன்னதில் விட்ட பிழையைப் பின்னதில் திருத்த முடிவதில்லை. மண் இளகிய இடத்தில் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் வண்டி சாயத்தான் செய்யும்.

இந்த வழிகாட்டி ஓட்டுநருக்கு மட்டுமல்லாமல், தளத்தை நடத்தும் மேற்பார்வையாளருக்கும், வண்டியைச் சுற்றி நடந்து வேலை செய்பவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. காயம் படுபவர்களில் பலர் வண்டியில் ஏறாதவர்கள் என்பதே இதற்குக் காரணம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் திறன் தகடு, அதாவது எந்த உயரத்தில், எந்தச் சுமை மையத்தில் (இதன் விளக்கம் ஐந்தாம் பிரிவில்) எவ்வளவு எடை தூக்கலாம் என்று உற்பத்தியாளர் பதித்திருக்கும் தகடு, தெளிவாகப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தகடு அழிந்துபோன வண்டியைத் தளத்துக்குள் விடக் கூடாது. அந்த வண்டியால் எவ்வளவு தூக்க முடியும் என்பது யாருக்கும் தெரியாது. அனுபவசாலியின் ஊகம் தகட்டுக்கு ஈடாகாது.

அதோடு வண்டியின் கையேடு, ஓட்டுநரின் பயிற்சிச் சான்று, தளத்தின் வரைபடம், தினசரிச் சோதனைப் பதிவேடு, சக்கரத் தடைக்கட்டைகள், ஒளிரும் மேலங்கிகள், தலைக்கவசங்கள், பாதுகாப்புக் காலணிகள், முதலுதவிப் பெட்டி ஆகியவை வேண்டும். ஓட்டுநரின் சான்று அந்த வகை வண்டிக்கு உரியதா என்று பாருங்கள். கிடங்கின் வழவழப்பான தரையில் மின்கல வண்டி ஓட்டிப் பழகியவருக்கு, கரடுமுரடான தரையில் ஓடும் டீசல் வண்டியோ, நீண்டு விரியும் கை கொண்ட டெலிஹேண்ட்லரோ முற்றிலும் வேறு இயந்திரம்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதும் இப்போதே முடிய வேண்டும். சிறிய திடச் சக்கரங்கள் கொண்ட வண்டி கான்கிரீட் தளத்துக்கு மட்டுமே ஏற்றது. மூடிய இடத்துக்குள், குறிப்பாகக் கீழ்த்தளத்தில், பெட்ரோல், எல்பிஜி, டீசல் வண்டிகளை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அது மணமற்றது, தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியவரும். அங்கே மின்கல வண்டியையே பயன்படுத்த வேண்டும்.

2. தரையை நடந்து பாருங்கள்

வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், வண்டி போகவிருக்கும் பாதை முழுவதையும் காலால் நடந்து பார்க்க வேண்டும். நேற்று சமமாக இருந்த இடத்தில் இன்று குழாய்க்காகப் பள்ளம் தோண்டி மூடியிருப்பார்கள். மேலே பார்த்தால் ஒரே மண்ணாகத் தெரியும். சரியாக இறுக்கப்படாத அந்த நிரப்புமண் ஒரு சக்கரத்தை மட்டும் விழுங்கிவிடும்.

எடை எங்கே இறங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த எச்சரிக்கையின் காரணம் விளங்கும். 2.5 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே ஏறக்குறைய 3.7 டன் இருக்கும். முழுச் சுமையோடு மொத்தம் 6 டன்னைத் தாண்டும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் முன் அச்சில் இறங்குகிறது. ஒவ்வொரு முன் பக்கத்துக்கும் கிட்டத்தட்ட 2.7 டன், அதுவும் உள்ளங்கைகள் சில சேர்ந்த அளவுள்ள தொடுபரப்பில். சாக்கடை மூடி, மேன்ஹோல் மூடி, பள்ளத்தின் மேல் போட்ட பலகை ஆகியவை இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

மேல்தளங்களில் வண்டியை ஏற்றுவதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. கான்கிரீட் இறுகிவிட்டது என்பது மட்டும் போதாது; அடியில் முட்டுக்கள் இருக்கின்றனவா, எடுத்துவிட்டார்களா, வண்டியின் சக்கர எடையை அந்தத் தளம் தாங்குமா என்பதை அவர்தான் கணக்கிட வேண்டும்.

பள்ளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தபட்சம் பள்ளத்தின் ஆழம் அளவுக்காவது விலகி ஓட்ட வேண்டும் என்பது தளங்களில் பின்பற்றப்படும் தொடக்க அளவு. இளகிய மண்ணிலும் மழைக்குப் பிறகும் அதைவிடக் கூடுதலாக விலக வேண்டும். இந்த எல்லையை வாய்மொழியாகச் சொல்வதில் பயனில்லை. பின்னோக்கி வரும் வண்டியின் சக்கரத்தைத் தடுக்கும் வலுவுள்ள மரக்கட்டையையோ மண்வரம்பையோ அங்கே வைக்க வேண்டும்.

நடக்கும்போது தலையை நிமிர்த்தியும் பார்க்க வேண்டும். மின்கம்பி, சாரத்தின் குறுக்குக் குழாய், வாசலின் மேல்விட்டம், தற்காலிக விளக்கு வயர் ஆகியவற்றின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாஸ்ட்டை, அதாவது ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் முன்புறத் தூண் சட்டத்தை, முழுவதும் இறக்கிய நிலையில் வண்டியின் உயரம் என்ன, ஏற்றிய நிலையில் என்ன என்பதை இருக்கையின் முன்னே எழுதி ஒட்டினால் ஓட்டுநர் நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை.

3. ஆட்களின் பாதையையும் வண்டியின் பாதையையும் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். ஹாரன், விளக்கு, பின்னோக்கும்போது ஒலிக்கும் மணி ஆகிய எல்லாமே யாரோ ஒருவர் கவனிப்பார் என்ற நம்பிக்கையில் இயங்குபவை. இடையே நிற்கும் தடுப்புக்கு அந்த நம்பிக்கை தேவைப்படுவதில்லை.

வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு வினாடிக்கு 2.8 மீட்டர். ஆளைக் கண்டு ஓட்டுநர் கால் பிரேக்குக்குப் போவதற்கே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். பிறகு சுமை முன்னால் சரியாத அளவுக்கு நிதானமாக நிறுத்த இன்னும் சுமார் 2 மீட்டர் தேவை. ஆக, நல்ல தரையிலேயே 5 மீட்டருக்கு அருகில் ஓடித்தான் வண்டி நிற்கிறது. சேற்றிலும் சரளையிலும் இந்தத் தூரம் நீளும். சுவர் மூலையிலிருந்து 2 மீட்டரில் வெளிப்படும் ஆளை எவ்வளவு திறமையான ஓட்டுநராலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே நடைபாதையைத் தனியாக ஒதுக்கி, வண்டிப் பாதையோடு சந்திக்கும் இடங்களை இரண்டு மூன்றாகக் குறைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, சாப்பாட்டு இடம், கருவி அறை ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தே மக்கள் நடக்கிறார்கள். குடிநீர் ஒரு பக்கமும் வேலை மறுபக்கமும் இருந்தால், நாடாவைக் கட்டினாலும் அதன் அடியில் குனிந்து போவார்கள். நாடாவுக்குப் பதில் தொட்டியை இடம் மாற்றுவதே தீர்வு.

புதியவர்கள் தவறாமல் மறக்கும் செய்தி, ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரத்தால் திரும்புகிறது என்பதாகும். கார் திரும்பும்போது முன்பகுதி வழி காட்டும், பின்பகுதி தொடர்ந்து வரும். இங்கே முன்பகுதி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்க, கனமான பின்பகுதி எதிர்ப்பக்கமாக வீசி வரும். வண்டி இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் நிற்பவருக்கே ஆபத்து. சுவருக்கும் வண்டியின் பின்பகுதிக்கும் இடையில் நசுங்கும் விபத்து இப்படித்தான் நடக்கிறது. நடந்து வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே வண்டியை மெல்லத் திருப்பி இதைக் காட்டிவிடுங்கள். சொன்னால் தலையசைப்பார்கள், பார்த்தால்தான் நம்புவார்கள்.

பார்வை மறையும் இடங்களில் சைகை காட்டுபவர் ஒருவரை நிறுத்த வேண்டும். ஒருவர் மட்டுமே சைகை காட்ட வேண்டும். நிறுத்தச் சொல்லும் சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். சைகை காட்டுபவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வண்டியின் பாதைக்கு வெளியே நிற்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து மறைந்த கணமே வண்டி நிற்க வேண்டும் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

4. வண்டியைச் சோதியுங்கள்: முதலில் எஞ்சின் நின்ற நிலையில்

சோதனையை இரண்டு சுற்றாகச் செய்ய வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரம், ஃபோர்க், சங்கிலி, எண்ணெய்க் கசிவு, தலைக்கு மேலுள்ள பாதுகாப்புக் கூண்டு, இருக்கைப் பட்டை ஆகியவை. பிறகு எஞ்சினை இயக்கி பிரேக், ஸ்டீயரிங், ஹாரன், விளக்குகள், மாஸ்ட்டின் ஏற்ற இறக்கம். எஞ்சின் ஓடும்போது மாஸ்ட்டுக்குள் கையை விட்டுச் சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வரிசை அவர்களுடைய விரல்களுக்காகவே.

ஃபோர்க் வளையும் குதிகால் பகுதியே அதிகம் தேய்கிறது. அதன் தடிமன் மூலத் தடிமனில் 10 சதவீதம் குறைந்துவிட்டால் ஃபோர்க்கை மாற்ற வேண்டும். பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். அந்தத் தேய்மானத்தில் தாங்கும் திறன் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துவிடுகிறது. வெல்டிங் செய்து தடிமனைக் கூட்டுவது சரியான மாற்று ஆகாது. அந்தச் சூடு எஃகின் பதத்தையே கெடுத்துவிடும். தூக்கும் சங்கிலி மூல நீளத்தைவிட 3 சதவீதம் நீண்டிருந்தால் அதன் காலம் முடிந்தது என்பது பொதுவான வரம்பு. உற்பத்தியாளர் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே கொள்ள வேண்டும்.

காற்றடைத்த சக்கரங்களில் இருபக்கமும் அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தில் காற்று குறைந்து வண்டி ஒரே ஒரு பாகை சாய்ந்தால், 4 மீட்டர் உயரத்தில் சுமை 7 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும்.

அழுத்தமேற்றிய எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. 150 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே சென்றுவிடும். ஓர் அட்டைத் துண்டைக் குழாயின் அருகில் பிடித்தால் எண்ணெய் அதில் தெரியும்.

குறை கண்டால் சாவியை எடுத்துவிட்டு, வண்டியின் மேல் எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டும். பதிவேட்டில் எழுதிவிட்டுச் சாவியை வண்டியிலேயே விட்டால், அடுத்து வேலைக்கு வரும் ஓட்டுநர் பதிவேட்டைப் படிக்காமல் ஏறுவார்.

5. சுமையைக் கணக்கிடுங்கள்

எடை தெரியாத சுமையைத் தூக்கக் கூடாது. 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் 40 என்றால் 2,000 கிலோ. அதோடு பேலட்டின், அதாவது சுமைக்கு அடியில் வைக்கும் பலகைத் தட்டின், எடை. நனைந்த செங்கல்லும் ஈர மணலும் உலர்ந்தவற்றைவிடக் கூடுதல் எடை கொண்டவை. விநியோகச் சீட்டில் எடை இல்லையென்றால், எண்ணிப் பெருக்கிப் பாருங்கள்.

எடையோடு கணக்கு முடிவதில்லை. சுமை மையம் என்பது ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியிலிருந்து சுமையின் ஈர்ப்பு மையம் வரையுள்ள கிடைத் தூரம். 5 டன்னுக்குக் குறைவான வண்டிகளில் திறன் பெரும்பாலும் 500 மில்லிமீட்டர் சுமை மையத்துக்கே சொல்லப்படுகிறது. வண்டியின் முன் சக்கரம் தராசின் நடுமுள் போல வேலை செய்கிறது. சுமை முன்னால் நகர நகர, அதே எடை பின்னாலுள்ள எதிர்எடையை அதிக வலுவோடு தூக்கப் பார்க்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். 1.22 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் நீளமும் உள்ள பிளைவுட் தகடுகளின் அடுக்கு 1,500 கிலோ இருக்கிறது. வண்டியின் திறன் 500 மில்லிமீட்டரில் 2,500 கிலோ. நீளப் பக்கத்திலிருந்து ஃபோர்க்கைச் செலுத்தினால் சுமை மையம் 610 மில்லிமீட்டர். 2,500ஐ 500ஆல் பெருக்கி 610ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,050 கிலோ வரை தூக்கலாம் என்று வருகிறது. அதே அடுக்கைக் குறுகிய பக்கத்திலிருந்து எடுத்தால் சுமை மையம் 1,220 மில்லிமீட்டர். அனுமதிக்கத்தக்க எடை 1,025 கிலோவுக்குக் குறைந்துவிடுகிறது. காலையில் சிக்கலின்றித் தூக்கிய அதே அடுக்கு, மாலையில் வேறு பக்கத்திலிருந்து எடுத்தபோது வண்டியின் பின் சக்கரத்தை மேலே தூக்கிவிட்டது என்று வியந்து சொல்பவர்களின் கதை இதுதான். இந்தக் கணக்கு பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த மதிப்பீடு; இறுதிச் சொல் திறன் தகட்டுக்கும் உற்பத்தியாளரின் அட்டவணைக்குமே உரியது.

பக்க நகர்வி (ஃபோர்க்கை இடவலமாக நகர்த்தும் கருவி), வாளி, கொக்கி போன்ற எந்தத் துணைக்கருவியைப் பூட்டினாலும் திறன் குறைகிறது. கருவியின் எடை ஒரு காரணம். அது சுமையை முன்னால் தள்ளுவது இன்னொரு காரணம். அந்தக் கருவிக்கு எனத் தனித் தகடு இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

டெலிஹேண்ட்லரில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. கையை நீட்ட நீட்டத் திறன் சரிகிறது. முழுவதும் நீட்டிய நிலையில் சில வண்டிகளால் தங்கள் உச்சத் திறனில் கால் பங்கைக்கூடத் தூக்க இயலாது. எடுக்கும் இடத்துக்கான எண்ணைப் பார்த்தால் போதாது. வைக்கப்போகும் இடத்தின் உயரத்துக்கும் நீட்சிக்கும் உரிய எண்ணைச் சுமை வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டும். எடுக்க முடிந்த சுமையை மேலே கொண்டுபோய் வைக்க முடியாமல், கையை நீட்டிய நிலையில் அதைக் கண்டுபிடிப்பதுதான் புதியவர்களின் வழக்கமான பிழை.

6. சுமையை எடுத்தல்

ஃபோர்க்குகளைப் பேலட் அனுமதிக்கும் அளவுக்கு அகலமாக விரித்து, இரண்டும் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்குமாறு பூட்டுங்கள். ஃபோர்க்கின் நீளம் சுமையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். மேலே சொன்ன பிளைவுட்டைக் குறுகிய பக்கத்திலிருந்து எடுக்க 1.6 மீட்டருக்கும் மேற்பட்ட ஃபோர்க் வேண்டும். அது வழக்கமான வண்டியில் இருக்காது.

சுமை ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியைத் தொடும் வரை உள்ளே செல்லுங்கள். சில சென்டிமீட்டர் மட்டும் தூக்கி ஒரு கணம் நிறுத்துங்கள். பின் சக்கரம் இலகுவாகத் தெரிந்தாலோ, சுமை ஒருபுறம் சரிந்தாலோ, இறக்கி வைப்பதற்கு இதுவே கடைசி வாய்ப்பு. பின் பகுதியில் ஆட்களை ஏற்றி எடையைச் சமன் செய்வதை இன்றும் காண முடிகிறது. சுமை வழுக்கி விழுந்த கணத்தில் வண்டியின் பின்பகுதி தரையில் மோதும். மேலே நின்றவர் தூக்கி எறியப்படுவார்.

12 மீட்டர் நீளக் கம்பிக் கட்டு ஒன்றை ஃபோர்க்கின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. இரு முனைகளும் தொங்கி ஆடும். வண்டி சிறிது திரும்பினாலே முனை பல மீட்டர் வீசும். நீளமான சுமைக்கு கிரேனும், அதைப் பல இடங்களில் பிடித்துத் தூக்கும் விரிப்புச் சட்டமும் இருக்கின்றன.

7. ஓட்டுதல்

சுமை தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில், மாஸ்ட் பின்னோக்கிச் சாய்ந்த நிலையில் இருக்க வேண்டும். கரடான தரையில் தடைகளைத் தாண்டும் அளவுக்கு மட்டும் உயர்த்தலாம். ஏன் இவ்வளவு தாழ்வாக என்றால், வண்டியின் நிலைத்தன்மை ஒரு முக்கோணத்துக்குள் அடங்கியது. முன் சக்கரங்கள் இரண்டும் அதன் இரு முனைகள். பின் அச்சு தன் நடுவில் எந்தப் புள்ளியைச் சுற்றி அசைந்தாடுகிறதோ, அந்த ஊசிமையம் மூன்றாவது முனை. நான்கு சக்கரம் இருந்தாலும் நிலைத்தன்மை மூன்று புள்ளிகளில்தான் நிற்கிறது. வண்டியும் சுமையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் இந்த முக்கோணத்துக்கு வெளியே சென்றால் வண்டி கவிழும்; சுமை உயர உயர, சிறிய சாய்வே அதை வெளியே தள்ளப் போதும்.

பலரும் எதிர்பாராத ஒன்று: வெறும் வண்டியும் எளிதாகக் கவிழும். சுமை இல்லாதபோது ஈர்ப்பு மையம் பின்னால் நகர்கிறது. முக்கோணம் பின்னால் குறுகலாக இருக்கிறது. சுமையை இறக்கிவிட்ட நிம்மதியில் வேகமாகத் திரும்பும் ஓட்டுநர் பக்கவாட்டில் கவிழ்வது இதனால்தான். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். திருப்பத்துக்குள் பிரேக் பிடிப்பது தாமதமான வேலை.

சரிவில் விதி எளியது: சுமை இருந்தால் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம். ஏறும்போது முன்னோக்கியும் இறங்கும்போது பின்னோக்கியும் ஓட்ட வேண்டும். சுமை இல்லாதபோது ஃபோர்க் பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டும். சரிவின் நடுவில் திரும்பவோ, குறுக்காக ஓட்டவோ கூடாது.

சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்டுங்கள். மேட்டில் ஏறும்போது அது இயலாது. அங்கே சைகை காட்டுபவர் தேவை. தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்ப்பவர் கூண்டின் தூணுக்கும் சுவருக்கும் இடையில் தலையைக் கொடுக்கிறார்.

இருக்கைப் பட்டையை 10 மீட்டர் பயணத்துக்கும் போட வேண்டும். அதன் முதன்மை வேலை என்ன என்பதைப் பத்தாவது பிரிவில் பாருங்கள்.

8. லாரியிலிருந்து இறக்குதல்

முதலில் லாரியின் கைப்பிரேக், பிறகு சக்கரத் தடைக்கட்டை, பிறகு லாரி ஓட்டுநரும் உதவியாளரும் இறங்கிக் குறித்த இடத்தில் நிற்பது, அதன்பின் கயிற்றை அவிழ்ப்பது. கயிற்றை முதலில் அவிழ்த்துவிட்டால், வழியில் நகர்ந்த சுமை அவிழ்ப்பவரின் மேலேயே சரியலாம். அவிழ்க்கும் முன் லாரியைச் சுற்றி வந்து, எந்த அடுக்காவது சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

லாரியின் மறுபக்கமே இங்கு பெரிய ஆபத்து. நீளமான ஃபோர்க்கை ஒரு பேலட்டுக்கு அடியில் செலுத்தும்போது அதன் நுனி வெளியேறி, அடுத்த வரிசைப் பேலட்டைத் தள்ளிவிடும். நான் பணியாற்றிய ஒரு தளத்தில் கான்கிரீட் பிளாக் அடுக்கு ஒன்று இப்படி மறுபக்கம் விழுந்தது. கயிறு சுருட்டிக்கொண்டிருந்த உதவியாளர் அங்கிருந்து நகர்ந்து சில வினாடிகளே ஆகியிருந்தன. அன்றிலிருந்து, மறுபக்கத்தைக் கூம்புகளால் மூடி ஆளில்லை என்று சைகை வராமல் ஃபோர்க்கைச் செலுத்தக் கூடாது என்பதை மாற்றமின்றிக் கடைப்பிடித்து வருகிறேன். ஃபோர்க்கின் மேல் பேலட்டின் ஆழத்தைச் சாயத்தால் குறித்து வைத்தால், எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியும்.

9. உயரத்தில் வைத்தலும், பிறகு நிறுத்துதலும்

வைக்கும் இடத்தின் எதிரே வண்டியை நேராக நிறுத்திய பிறகே சுமையை உயர்த்த வேண்டும். உயர்த்திய நிலையில் மாஸ்ட்டை முன்னோக்கிச் சாய்ப்பது, வைக்கும் பரப்புக்கு நேர் மேலே சுமை வந்த பிறகு மட்டுமே. உயர்ந்த ஃபோர்க்கின் அடியில், சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாரும் நிற்கவோ நடக்கவோ கூடாது. சாரத்தின் மேல் சுமை வைப்பதாக இருந்தால், சாரம் அந்த எடைக்கு வடிவமைக்கப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும்; மேலே நிற்கும் பணியாளர் சுமை முழுவதும் இறங்கும் வரை விலகி நிற்க வேண்டும்.

மின்கம்பி அருகே 50 கிலோவோல்ட் வரை குறைந்தது 3 மீட்டர் இடைவெளி என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவு. அதற்கு மேற்பட்ட மின்னழுத்தத்துக்கு இடைவெளி கூடும். மின் வழங்குநர் கூடுதலாகச் சொன்னால் அதுவே விதி. முடிந்தால் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஆளைப் பேலட்டில் நிற்க வைத்துத் தூக்குவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை: கூடாது. அதற்கென்றே செய்யப்பட்டு, அந்த வண்டிக்கு ஏற்கப்பட்டு, மாஸ்ட்டோடு பூட்டப்படும் கூண்டு தவிர வேறெதிலும் ஆளைத் தூக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் ஃபோர்க்கைத் தரையில் படியும்படி முழுவதும் இறக்கி, நுனி தரையைத் தொடும் அளவுக்கு மாஸ்ட்டைச் சற்று முன்னோக்கிச் சாய்த்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுங்கள். சரிவில் நிறுத்த நேர்ந்தால் சக்கரத்துக்குத் தடைக்கட்டை வைக்க வேண்டும். இறங்கும்போது இரு கை ஒரு கால், அல்லது இரு கால் ஒரு கை என மூன்று இடங்கள் எப்போதும் வண்டியைப் பற்றியிருக்க வேண்டும். குதித்து இறங்கிக் கணுக்காலைத் திருப்பிக்கொள்ளும் காயம் சிறியதாகத் தோன்றினாலும் பல வாரம் வேலையை முடக்கும்.

10. வண்டி கவிழத் தொடங்கினால்

குதிக்கக் கூடாது. வண்டி சாயும்போது உடல் தானாகவே வெளியே பாயப் பார்க்கும். ஆனால் குதிப்பவர் விழும் இடத்திலேயே பாதுகாப்புக் கூண்டின் தூணும் வந்து விழுகிறது. பட்டை அணிந்தவரை அந்தப் பட்டை கூண்டுக்குள்ளேயே வைத்திருப்பதுதான் அதன் முதன்மைப் பயன்.

ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி, கால்களைத் தளத்தில் ஊன்றி, வண்டி சாயும் திசைக்கு எதிர்த்திசையில் உடலைச் சாய்த்து, அசைவு முழுவதும் நிற்கும் வரை உள்ளேயே இருக்க வேண்டும். இது அமர்ந்து ஓட்டும் வண்டிகளுக்கு உரியது. பின்புறம் திறந்த, நின்று ஓட்டும் வண்டியில் பின்னோக்கி இறங்கி விலகச் சொல்லியிருப்பார்கள்; எது உங்கள் வண்டி என்பதைக் கையேட்டில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கையில் அமர்ந்து பட்டையோடு இந்த நிலையை மாதம் ஒருமுறை செய்து பழகினால், அந்த ஒரு வினாடியில் உடல் சரியானதைச் செய்ய வாய்ப்பு உண்டு.

11. ஒருவருக்குக் காயம் பட்டால்

வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, சக்கரத்துக்குத் தடைக்கட்டை வைத்த பிறகே அருகில் செல்லுங்கள். ஒருவர் உடனடியாக அவசர உதவியை அழைக்க வேண்டும். இன்னொருவர் வாயிலுக்குச் சென்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வேண்டும். பெரிய தளங்களில் வாயிலுக்கும் விபத்து நடந்த இடத்துக்கும் இடையிலேயே பல நிமிடங்கள் வீணாகின்றன.

ஒருவர் சக்கரத்தின் அடியில் சிக்கியிருந்தால், பதற்றத்தில் வண்டியைப் பின்னோக்கி எடுப்பது அவர் மேல் இரண்டாம் முறை ஏறுவதாகும். வண்டி உருளாதபடி நிலைநிறுத்திய பின், பாதுகாப்பாகச் செய்ய முடியுமானால் எடையை விரைவில் உயர்த்த வேண்டும். மார்பு நசுங்கியிருந்தால் மூச்சு நிற்கும் என்பதால் இது இன்னும் அவசரம். சிக்கிய நேரத்தையும் விடுவித்த நேரத்தையும் குறித்து மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். நீண்ட நேரம் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் போன்றவை இரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்; விடுவித்த பின் நன்றாகப் பேசுபவரையும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

இரத்தப்போக்கு இருந்தால் தூய துணியால் நேராக அழுத்துங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கக்கூடும் என்றால், உடனடி ஆபத்து இல்லாத வரையில் நகர்த்தாதீர்கள். நசுங்கிய பாதத்திலிருந்து காலணியை இழுத்துக் கழற்றாதீர்கள். மருத்துவர் அதை வெட்டி எடுப்பார். விரல் துண்டாகியிருந்தால் ஈரமாக்கிய தூய துணியில் சுற்றி, நீர் புகாத பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். துண்டான பகுதியில் பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது.

ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்குள் பாய்ந்த காயம் ஊசி குத்தியது போல மட்டுமே தெரியும். தொடக்கத்தில் வலியும் குறைவு. சில மணி நேரத்தில் திசு அழியத் தொடங்கி, விரலையோ கையையோ இழக்க நேரலாம். உயரழுத்த எண்ணெய் உள்ளே சென்றது என்ற சொற்களை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் சிறு கீறலாக எண்ணிக் கட்டுப்போட்டு அனுப்பிவிடக்கூடும்.

12. மறுபடி வேலையைத் தொடங்குமுன்

விபத்து நடந்த இடத்தை, உயிரைக் காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் கலைக்கக் கூடாது. சக்கரத் தடம், ஃபோர்க்கின் உயரம், சுமை கிடக்கும் நிலை, தரையின் ஈரம் ஆகியவற்றைப் படமெடுத்து, வண்டியைத் தகுதியுள்ள மெக்கானிக் பார்க்கும் வரை சாவியைப் பூட்டி வையுங்கள். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தியவுடன் எஞ்சின் இயங்குகிறது என்பதற்காக ஓட்டக் கூடாது. கூண்டும் மாஸ்ட்டும் வெளியே தெரியாமல் வளைந்திருக்கலாம்.

விசாரணையைப் பெரும்பாலும் ஓட்டுநரிடமிருந்து தொடங்கி ஓட்டுநரிடமே முடித்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியின் வரிசையிலேயே கேட்டு வாருங்கள்: அன்று தரையை யார் நடந்து பார்த்தார், காயம் பட்டவர் அந்த இடத்துக்கு எந்த வழியாக, எதற்காக வந்தார், சோதனைப் பதிவேட்டில் காலையில் என்ன எழுதியிருக்கிறது, சுமையின் எடை யாருக்குத் தெரியும். கடைசியாக ஓட்டுநரிடம் வாருங்கள். யாருக்கும் அடிபடாமல் தப்பிய சம்பவங்களையும் இதே கேள்விகளோடு அதே பதிவேட்டில் எழுதி, மறுநாள் காலை வேலை தொடங்குமுன் வாசித்துக் காட்டி, தடுப்பையோ பாதையையோ மாற்ற வேண்டியிருந்தால் அதை மாற்றிய பிறகே சாவியை ஓட்டுநரிடம் கொடுங்கள்.